கூடாரம் அடிக்க ஓர் இடம்

மதுரையின் கத்திரி வெயிலை அறியாதவர்க்கு அதனைச் சொற்களால் விளக்குதல் அரிது. வைகையாற்றின் மணல் பகலெல்லாம் காய்ந்து, இரவு பத்து மணிக்கும் வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருக்கும். மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்தாலும் உறக்கம் வாராது. அத்தகைய ஓர் இரவில்தான் எங்கள் பங்கின் இளைஞர் பதினான்கு பேர் என்னைத் தேடி வந்தனர்.

"சாமி, எல்லாரும் மலைக்குப் போய்க் கூடாரம் அடிச்சுத் தங்கலாம்னு இருக்கோம். விடுதி வேண்டாம், கட்டில் வேண்டாம், கரண்டு வேண்டாம். காட்டுக்குள்ளேயே ரெண்டு ராத்திரி. இடம் மட்டும் நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்றனர்.

அவர்கள் ஆசையில் பிழையொன்றும் இல்லை. நாள் முழுதும் கைபேசித் திரையைப் பார்த்துக் களைத்த கண்கள் விண்மீன்களைக் காண விரும்பினால் அதற்கு நாம் மகிழ வேண்டாமா? ஆனால், "இடம் மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்ற அந்தச் சொல் என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. பதினான்கு பேர் தலைசாய்த்து உறங்குவதற்கான மண்ணை ஒருவன் சுட்டிக்காட்டுவது எளிய செயல் அன்று. அதனை நான் என் இளமையில் ஒரு முறை கற்றிருக்கிறேன். அதைப் பின்னர்ச் சொல்வேன்.

மறுநாள் காலையில் ஆலயத்தின் மாடியில் ஏறி நின்று நாற்புறமும் நோக்கினேன். நம் மதுரை சமவெளி நகரம் என்று பெயர். ஆயினும் அதனைச் சுற்றிக் குன்றுகளுக்குக் குறைவில்லை. வடகிழக்கே படுத்த யானை போன்ற யானைமலை, மேற்கே நீண்டு கிடக்கும் நாகமலை, தெற்கே பசுமலையும் திருப்பரங்குன்றமும், வடக்கே அழகர்மலை, வடமேற்கே வானம் தெளிந்த நாளில் நீலமாய்த் தெரியும் சிறுமலை, அதற்கும் அப்பால் மேகத்தோடு மேகமாய்ப் பழனிமலைத் தொடர்.

இக்குன்றுகளில் தங்குவதற்கு இடம் தேடியவர்களுள் நாம் முதல்வர் அல்லர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சமண முனிவர்கள் இதே தேடலை மேற்கொண்டனர். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கொங்கர்புளியங்குளம், முத்துப்பட்டி முதலிய ஊர்களை அடுத்த குன்றுகளில் அவர்கள் தங்கிய குகைத்தளங்களை இன்றும் காணலாம். பாறையைச் செதுக்கி வழுவழுப்பாக்கிய கற்படுக்கைகள் உள்ளன. மக்கள் இவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்றே வழங்குவர். மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயரைக் குறிக்கின்றன. 1882இல் ராபர்ட் சிவெல் என்னும் ஆங்கிலேயர் அவற்றை அறிவுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார்.

கல்வெட்டை விட என்னைக் கவர்ந்தது வேறொன்று. அக்குகைகளின் முகப்பில், மேற்பாறையின் விளிம்பை ஒட்டி, நீளமாய் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மழை பெய்யும்போது பாறை வழியே வழிந்து உள்ளே வரும் நீர், அந்தக் காடியில் தடைப்பட்டு வெளியே சொட்டிவிடும். படுக்கை நனையாது. உலகைத் துறந்தவர்களும் தம் படுக்கையை மழை நனைக்குமோ என்று முன்கூட்டியே எண்ணியிருக்கிறார்கள். அவர்கள் தேர்ந்த இடங்களை உற்று நோக்குங்கள். தரையினின்றும் உயர்ந்திருக்கும், ஆயினும் உச்சியில் இராது. சுனையொன்று அருகில் இருக்கும். ஆயினும் படுக்கை அதன் வழியில் இராது. ஊரை விட்டு விலகியிருக்கும். ஆயினும் பிச்சை ஏற்று உண்ணவும், நோயுற்றால் குரல் கொடுக்கவும் ஊர் எட்டும் தொலைவில் இருக்கும். கூடாரம் அடிக்க இடம் தேடுவோர்க்கு இதனினும் சிறந்த பாடம் உண்டோ?

ஆயினும் இக்குன்றுகள் இன்று நம் இளைஞர்க்கு ஏற்றவை அல்ல. குகைத்தளங்கள் தொல்லியல் சின்னங்கள்; அங்கே அடுப்பு மூட்டுவதும் பெயர் கிறுக்குவதும் முறையன்று. அரிட்டாபட்டி 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாகவும் அறிவிக்கப்பட்டுள்ளது. ஆகவே பகலில் சென்று கண்டு திரும்புவதே தகும்.

இனி உயர்ந்த மலைகளைப் பார்ப்போம். இவற்றிலும் ஒரு தேடல் நடந்தது. அது துயரத்தில் தொடங்கியது. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்து பணி தொடங்கினர். 1838இல் நம் சேசு சபைக் குருக்கள் பிரான்சு நாட்டினின்று மதுரை மிஷனுக்கு மீண்டும் வந்தனர். வந்தவர்களுள் பலர் முதற் சில ஆண்டுகளிலேயே காய்ச்சலுக்கும் காலராவுக்கும் இரையாயினர். இரு திறத்தாரும் கொள்கையால் வேறுபட்டிருந்தனர். ஆனால் இரு திறத்தாரும் ஒரே வெயிலில் வாடினர், ஒரே நோயில் மடிந்தனர்.

அமெரிக்கர் முதலில் நாடியது, மதுரைக்கு அண்மையில் இருந்த சிறுமலையை. குளிர்ச்சி இருந்தது, நீர் இருந்தது, பசுமை இருந்தது. ஆனால் எந்தக் காய்ச்சலுக்கு அஞ்சி மேலே ஏறினார்களோ, அந்தக் காய்ச்சல் அங்கேயும் காத்திருந்தது. மலேரியாவைப் பரப்புவது கொசு என்பதை ரொனால்டு ராஸ் சிக்கந்தராபாத்தில் கண்டறிந்தது 1897இல்தான். அதற்கு முன்னர் அது கெட்ட காற்றால் வருவது என்றே உலகம் நம்பியிருந்தது. நோயின் காரணம் தெரியாவிடினும், சிறுமலையின் உயரம் போதாது என்பதை மட்டும் அவர்கள் தம் இழப்பால் உணர்ந்தனர். இன்னும் மேலே செல்லவேண்டும் என்று முடிவு செய்தனர்.

பழனிமலையின் மேற்பரப்பை 1821இலேயே வார்டு என்னும் நில அளவை அதிகாரி, வெள்ளகவி என்ற மலைச் சிற்றூர் வழியாக ஏறிப் பார்த்து எழுதியிருந்தார். அந்நாளில் சாலையில்லை. பெரியகுளத்தை அடுத்த அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்தோ, குதிரை மீதோ, ஆட்கள் சுமந்த நாற்காலியிலோ ஏறவேண்டும். அவ்வாறு ஏறிய அமெரிக்கர், 1845இல் ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரண்டு வீடுகளைக் கட்டி முடித்தனர். இன்றைய கோடைக்கானல் அங்கிருந்து வளர்ந்ததே. பின்னர் 1860களில் சேசு சபையின் லூயி சேன் சீர் சுவாமிகள் அங்கு சலேத் மாதா ஆலயத்தை எழுப்பினார். 1895இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி தோன்றிற்று.

அவர்கள் கண்டறிந்த உயரத்தின் மறைபொருள் இன்று நமக்குத் தெரியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு பாகை குறைகிறது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் முதிர்வதற்கு ஓரளவு வெப்பம் தேவை. பதினாறு பாகைக்குக் கீழே அது வளருவதில்லை. சிறுமலையில் அதற்குப் போதிய வெப்பம் இருந்தது, கோடைக்கானலில் இல்லை. இரண்டு மலைகளும் கண்ணுக்கு அழகியவையே. ஆனால் ஒன்றில் படுத்தவர் நோயோடு எழுந்தனர். மற்றொன்றில் படுத்தவர் நலத்தோடு எழுந்தனர். ஓர் இடம் நம் கண்ணுக்கு எப்படித் தோன்றுகிறது என்பது ஒன்று; நாம் உறங்கும்போது அது நம்மை என்ன செய்கிறது என்பது முற்றிலும் வேறொன்று.

இப்போது என் கதையைச் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. குருமட மாணவனாய் இருந்தபோது, ஐப்பசி மாத விடுமுறையில் நாங்கள் எண்மர் பழனிமலையின் தென்சரிவில் ஏறினோம். மாலையில் ஓர் ஓடைக்கரையை அடைந்தோம். ஓடையின் வளைவில், மெத்தை போன்ற வெண்மணல் திட்டு; அருகே கணுக்கால் அளவு தெளிந்த நீர்; மேலே மரங்களின் நிழல். "இதுவே நம் இடம்" என்று அறிவித்தவன் நான்தான். கூடாரம் எழுந்தது, அரிசி உலையில் ஏறிற்று.

தேன் எடுத்துத் திரும்பிய மலைவாழ் முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு நின்றார். வானத்தை நோக்கவில்லை, எங்கள் தலைக்கு மேலிருந்த மரக்கிளையைக் கைகாட்டினார். அங்கே காய்ந்த சருகும் புல்லும் குச்சிகளும் கொத்தாகச் சிக்கியிருந்தன.

"அது எப்படித் தம்பி அங்கிட்டுப் போச்சு? குருவி கட்டுனதா?" என்று கேட்டார்.

எங்களுக்கு விளங்கவில்லை.

"தண்ணி கொண்டாந்து வச்சது. மேல இருட்டிக்கிட்டு நிக்குது. இங்க ஒரு சொட்டு விழாது, ஆனா ஓடையில தண்ணி வரும். எந்திரிச்சு மேட்டுக்குப் போயிருங்க."

எங்கள் தலைக்கு மேலே வானம் வெளுத்தே இருந்தது. கூடாரத்தைப் பிரிக்க எனக்கு மனமில்லை. உண்மையைச் சொல்வதானால், நான் தேர்ந்த இடத்தை ஒருவர் குறைகூறியது என் தன்மானத்தைத் தைத்தது. அரை மணி நேரம் வாதாடினேன். முதியவர் போகவுமில்லை, வற்புறுத்தவுமில்லை. பாறையில் குந்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இறுதியில் எங்களுள் இளையவன், "நீங்க இருங்க, நான் போறேன்" என்று தன் மூட்டையைத் தூக்கினான். வேறு வழியின்றி நானும் எழுந்தேன். வேகாத சோற்றுப் பானையையும் இரண்டு குடங்களையும் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே விட்டுவிட்டு மேட்டுக்குச் சென்றோம்.

இரவு இரண்டு மணியளவில், லாரிகள் வரிசையாய் வருவது போன்ற ஓசை கேட்டு விழித்தோம். மழையில்லை. டார்ச்சு விளக்கை அடித்துப் பார்த்தால், கீழே மணல் திட்டு இருந்த இடத்தில் செந்நீர் சுழன்று ஓடிற்று. விடிந்தபின் பானையும் இல்லை, குடங்களும் இல்லை, நாங்கள் கூடாரம் அடித்திருந்த மணலே இல்லை. எண்மரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், ஒருவரும் பேசவில்லை. அந்த முதியவரைத் தேடினேன். அவர் இரவே போய்விட்டிருந்தார். அவருக்கு நன்றிகூடச் சொல்லாத கடன் இன்னும் என்மீது உள்ளது. நான் திருநிலைப்பாடு பெற்ற பின் எத்தனையோ நூல்களைப் படித்தேன். ஆனால் அந்தச் சருகுக் கொத்தைப் போல் என்னைத் தாழ்த்திய பக்கம் வேறில்லை.

வெள்ளத்தைப் போலவே தீயும் எச்சரியாது வரும். 2018 மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலைச்சரிவில் நிகழ்ந்ததை நம் நாட்டார் மறக்கமாட்டார்கள். கொழுக்குமலையினின்று இறங்கி வந்த மலையேறிகளைக் காய்ந்த புல்வெளியில் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. காற்றோ பலமாய் வீசியது. 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காயமுற்றோர் பலர் நம் மதுரைக்கே கொண்டுவரப்பட்டு, சிலர் இங்கேயே உயிர் நீத்தனர். அவர்களும் நம் பிள்ளைகளைப் போல் மலையின் அழகை நாடிச் சென்றவர்களே. அதன்பின் தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. 2024இல் 40 பாதைகளைத் தேர்ந்து, அவ்வப்பகுதி மக்களையே வழிகாட்டிகளாய்ப் பயிற்றி, முன்பதிவு செய்வோர்க்குத் திறந்துவிட்டது. தீக்காலத்தில் அவற்றை மூடியும் வைக்கின்றனர். வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் தங்குவது குற்றம் என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். அது வெறும் தடையன்று. இறந்தவர்களின் பேரால் இடப்பட்ட வேலி.

இவற்றையெல்லாம் எண்ணி, இளைஞர்களை ஒரு ஞாயிறு மாலை கூட்டி உட்காரவைத்தேன். முதலில் காலத்தைத் தேர்ந்தோம். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம். மாசி, பங்குனியில் தீ. சித்திரை, வைகாசியில் இடிமின்னல். ஆகவே இவற்றுக்கு இடைப்பட்ட தை மாதமே நல்லது எனப் பொங்கல் விடுமுறையைக் குறித்தோம். எட்டு மாதம் காத்திருக்க வேண்டுமா என்று சிலர் முகம் சுளித்தனர். காத்திருக்கச் சொன்னேன்.

அடுத்து நிலத்தைத் தேர்ந்தோம். காட்டு நிலம் வேண்டாம். பட்டா நிலமாய் இருக்கட்டும், உரியவரின் இசைவு எழுத்தில் இருக்கட்டும் என்றேன். எங்கள் பங்குக் குடும்பம் ஒன்றின் உறவினர்க்குச் சிறுமலையில் காப்பியும் மிளகும் விளையும் தோட்டம் இருந்தது. திண்டுக்கல்லிலிருந்து பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டும். அவசரம் என்றால் இரவிலும் கீழே இறங்கச் சாலை உண்டு. 1840களில் காய்ச்சலுக்கு அஞ்சி அமெரிக்கர் கைவிட்ட அதே சிறுமலைதான்! இன்று அந்தக் காய்ச்சலின் அச்சம் நீங்கிவிட்டது. சிறுமலை வாழைப்பழத்திற்கும் பலாவிற்கும் பெயர் பெற்ற ஊர் அது.

புறப்படும் நாளன்று ஒரு தாய் வந்தார். கணவரை இழந்தவர், ஒரே மகன். பையில் கம்பளிச் சட்டையை மடித்து வைத்துக்கொண்டே, "சாமி, இவனைப் பத்திரமாத் திருப்பிக் கூட்டிக்கிட்டு வந்திருவீங்கல்ல?" என்று கேட்டார். "வந்துவிடுவோம் அம்மா" என்றேன். அவர் கேட்டது ஓர் எளிய கேள்வி. ஆனால் எட்டு மாதமாய் நான் செய்த ஆயத்தம் முழுவதும் அந்த ஒரு விடைக்காகவே என்பதை அப்போது உணர்ந்தேன்.

தோட்டத்தை அடைந்ததும் இளைஞர்கள் ஓர் இடத்தைக் கண்டு ஆரவாரித்தனர். சிற்றோடைக்கு அருகே பசும்புல் மூடிய சமதளம். படம் பிடிப்பதற்கென்றே அமைந்தது போலிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. தோட்டக் காவலரை அழைத்து, "அண்ணே, நீங்க இங்க படுப்பீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "நான் எப்படிச் சாமி படுப்பேன்? காட்டுமாடு தண்ணி குடிக்க வர்ற தடம்ல இது" என்றார்.

அவரே எங்களை அழைத்துச் சென்று வேறோர் இடத்தைக் காட்டினார். ஓடையிலிருந்து நூறு அடிக்கு மேல் தள்ளி, சற்றே மேடான, காப்பிக் களஞ்சியத்தை ஒட்டிய வெற்றுத்தரை. அழகில்லை. ஆனால் தலைக்கு மேலே காய்ந்த கிளையில்லை. தனித்து நின்று இடியை ஈர்க்கும் நெடுமரமும் இல்லை. முகடு அன்று, ஆகவே பெருங்காற்று இல்லை. பள்ளம் அன்று, ஆகவே குளிர் தேங்காது. குளிர்ந்த காற்று கனமானது. நீரைப் போலவே பள்ளத்தை நாடி இறங்கும். கோடைக்கானலில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி வெண்மையாய்ப் படிவது மலை முகட்டில் அன்று, ஏரிக்கரைத் தாழ்நிலத்தில்தான் என்பதை அங்குச் சென்றோர் கண்டிருப்பர்.

விறகு எரிக்கவில்லை, சிறு எரிவாயு அடுப்பில் சமைத்தோம். கழிப்பிடத்திற்கு ஓடையினின்று வெகு தொலைவில் குழி வெட்டி, திரும்பும்போது மண் மூடினோம். இதில் நான் கண்டிப்பாய் இருந்தேன். பழனிமலையில் பிறக்கும் வராக நதியும் மஞ்சளாறும் மருதாநதியும் வைகையில் வந்து கலப்பவை. மலைமேல் ஓடையில் கழிப்பதும் எறிவதும் என்றோ ஒரு நாள் கீழே ஒரு வீட்டின் குடத்துக்கு வந்து சேரும். மலையில் நாம் விருந்தினர். சமவெளியில் நாமே அதன் நீரைக் குடிப்பவர்.

இரவுச் செபம் முடிந்து விளக்கை அணைத்தோம். மதுரையில் பார்க்கவே இயலாத விண்மீன்கள் வானம் நிறைய இருந்தன. இளைஞர்கள் வெகுநேரம் மல்லாந்து கிடந்து பார்த்தனர். பின்னர் ஒவ்வொருவராய் உறங்கினர். நான் மட்டும் சிறிது நேரம் விழித்திருந்தேன். நள்ளிரவுக்குப் பின் ஓடைப்பக்கம் புதர்கள் ஒடியும் ஓசையும் கனத்த பெருமூச்சும் கேட்டன. சிறிது நேரத்தில் அடங்கின. எவரும் விழிக்கவில்லை.

காலையில் அந்தப் பசும்புல் தளத்திற்கு அவர்களை அழைத்துச் சென்றேன். புல் நசுங்கிக் கிடந்தது. ஈரமண்ணில் அகன்ற குளம்புத் தடங்கள். ஆவி பறக்கும் சாணம். முந்தின நாள் அந்த இடமே வேண்டும் என்று மிகவும் வாதாடிய பையன் ஒரு தடத்தின் அருகே தன் உள்ளங்கையை வைத்து அளந்து பார்த்தான். எழுந்து காவலரிடம் சென்று, "அண்ணே, ரொம்ப நன்றி" என்றான். முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் சொல்லத் தவறிய சொல்லை அவன் சொல்லக் கேட்டு என் நெஞ்சம் நெகிழ்ந்தது.

அன்பு வாசகர்களே, உங்கள் பிள்ளைகள் மலைக்குச் செல்ல விரும்பினால் தடுக்காதீர்கள். ஆனால் காலம் எது, நிலம் எவருடையது, இரவில் திரும்ப வழி உண்டா என்று கேளுங்கள். அவர்களோடு செல்பவரிடம், "அந்த ஊர்க்காரர் ஒருவரையாவது கேட்டீர்களா?" என்றும் மறவாமல் கேளுங்கள். அழகைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். விடியும்போது அது எப்படியும் அங்கேதான் இருக்கும்.

நாங்கள் ஞாயிறு மாலை மதுரை திரும்பினோம். ஆலய வாயிலில் அந்தத் தாய் நின்றிருந்தார். மகனைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் அவன் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.